இடது முன்மூலை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமான்னு கேட்டா "எனக்கென்ன குறைச்சல்"னு வெடுக்குனு சொல்லுவ. அதனால கேக்கலை. அம்மா நல்லா இருக்கா. முழங்கால்தான் மாடிப்படியைப் பாத்தா முரண்டு பிடிக்குது.

அம்மாவுக்கு நீ போன் பண்றப்ப நான் எடுத்தா வெச்சிடற. கடிதத்தை அப்படி வெக்க முடியாது, பிரிச்சா படிச்சுத்தான் ஆகணும்னு அம்மாதான் யோசனை சொன்னா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பேனா பிடிக்கறேன். கோழி கிளறின மாதிரி இருந்தா பொறுத்துக்க.

விஷயம் வண்டிதான். இடது முன்மூலை, விளக்குக்குக் கீழ, அதே இடம். பழைய வேனா வாங்கினப்ப உடைஞ்சிருந்த அந்த ஃபைபர் மூலையை நீதான் சரி பண்ணிக் கொடுத்த. ஆறே மாசத்துல விரிஞ்சுது. நான் எங்கயோ இடிச்சிட்டு மறைக்கறேன்னு நீ ஸ்கூல்லயே சொல்லிட்ட, பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வேலை போச்சு. அன்னிலேர்ந்து ஹோட்டல் அழுக்குத் துணி மூட்டை ஏத்தறேன். விரிசல்ல கடைப் பட்டியை அப்பி, மேல பெயின்ட் அடிச்சு ஒப்பேத்திட்டு இருந்தேன். மூட்டைங்க எதுவும் குறை சொன்னதில்லை. இப்ப பட்டி உதிர்ந்து ஒன்றரை சாண் நீளத்துக்கு வாயைப் பொளந்துட்டு நிக்குது.

ஸ்கூல்ல இப்ப வண்டி ஓட்டறவர் ஜூன் மாசத்தோட நின்னுக்கறாராம். கேள்விப்பட்டு ஓடினேன். அதே தலைமை ஆசிரியைதான். ரெண்டு விஷயம் கேட்டாங்க. மார்ச் 20 வண்டிச் சோதனையில தேறணும். அப்புறம், முன்பக்கம் உறுதியா இருக்குன்னு ஃபைபர் வேலை தெரிஞ்ச ஒருத்தர் எழுதித் தரணும். "நீங்க இடிச்சிட்டு மறைக்கறீங்கன்னு உங்க அக்காவே அன்னிக்குச் சொன்னாங்களே" அப்படின்னாங்க. நான் அவங்க மேஜையில இருந்த சாக்பீஸ் டப்பாவையே பாத்துட்டு நின்னேன்.

இங்க டிங்கர்கிட்ட காட்டினேன். "தகரம்னா தட்டித் தரேன், இதைத் தட்டினா உன் கையிலதான் பொறுக்கித் தரணும்"னுட்டார். நானே செய்யறேன்க்கா. எப்படின்னு மட்டும் எழுது. எனக்கு மறுபடியும் பிள்ளைங்களை ஏத்தணும். துணி மூட்டை "அண்ணே, அந்த நாயைப் பாருங்க"ன்னு சொல்லாது.

நான் எங்கயும் இடிக்கலை. அதைப் பத்தி இதுல பேசக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் உக்காந்தேன். பேசிட்டேன். போகட்டும்.

உன் தம்பி,
வாலு

---

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குத் தைலம் தனியா அனுப்பியிருக்கேன். மாடி ஏற வேண்டாம்னு சொல்லு. கேக்க மாட்டா, ஆனாலும் சொல்லு.

நீ இடிச்சியா இல்லையான்னு நான் கேக்கலை. பன்னெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். நான் கை வெச்ச வேலை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. அத்தோட அந்தப் பேச்சை நிறுத்திக்கறேன்.

முதல் விஷயம், முன்பக்கத்தைப் பார்க்காதே. எல்லாரும் அங்கதான் பார்ப்பாங்க, அங்கதான் பட்டி அப்புவாங்க. ஃபைபர்ல வியாதி உள்பக்கம் இருக்கும். பம்பரைக் கழட்டு, விளக்கைக் கழட்டு, கையை உள்ள விட்டுத் தடவு. உள்ளே பார்க்காம எதையும் முடிவு பண்ணாதே. என்கிட்ட வேலை பார்க்கற ஆறு பேருக்கும் நான் சொல்ற முதல் பாடம் இதுதான்.

அப்புறம் விரிசலோட ரெண்டு நுனியிலும் சின்னதா ஒரு துளை போடு. இல்லைன்னா அது ஓடிக்கிட்டே இருக்கும். உள்பக்கம் கிரைண்டரால பெயின்ட், பழசு, தளர்ந்தது எல்லாத்தையும் எடு. விரிசல் ஓரத்தைச் செங்குத்தா விடாதே, ஒரு சாண் அகலத்துக்குச் சரிவா தேய். முன்பக்கம் வழவழன்னு ஒரு பிளாஸ்டிக் தகட்டை டேப் போட்டு ஒட்டிக்க, வடிவம் கெடாது. கண்ணாடி நார் மேட்டைக் கத்தரியால வெட்டாதே, கையால கிழி. கிழிச்ச ஓரம்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். நூறு கிராம் ரெசின் பசைக்கு, அதை இறுக வைக்கற ஹார்டனர் ரெண்டு கிராம். பிரஷ்ஷால இழுக்காதே, குத்திக் குத்தி நனை. நாலு அடுக்கு, முடிஞ்சா அஞ்சு.

தேய்க்கறப்ப வாய், மூக்கு, கண் மூடியிருக்கணும். முழுக்கை சட்டை. முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளி. சுடுதண்ணி ஊத்தினா தோல் துவாரம் திறந்து தூள் உள்ள போகும், அப்புறம் என்னைத் திட்டுவ.

முதல்ல எதாவது உடைஞ்ச பொருள்ல பழகு. நேரா வண்டியில கை வைக்காதே.

அக்கா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைத் திட்டினேன். சுடுதண்ணியிலதான் குளிச்சேன். பக்கெட்ல ஊத்தினதுக்கு அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்துச்சு, தண்ணியை வீணாக்குவானேன்னு ஊத்திக்கிட்டேன். ரெண்டு நாள் உடம்பெல்லாம் எறும்பு. அம்மா என்னோட துண்டைக் குச்சியால எடுத்துப் போட்டா. "அவ பன்னெண்டு வருஷம் இதைத்தான் பண்ணிட்டு இருக்காளா"ன்னு கேட்டா.

பம்பரும் விளக்கும் கழட்டியாச்சு. உள்ளே உன்னோட பழைய ஒட்டு தெரியுது, மேல கறுப்புப் பெயின்ட். தட்டிப் பாத்தா கெட்டியாத்தான் இருக்கு. அதுல இன்னும் கை வெக்கலை. நீ சொன்ன மாதிரி முதல்ல உடைஞ்ச பொருள் தேடினேன். நம்ம வீட்டுல என்னைத் தவிர உடைஞ்சது ஒரு பிளாஸ்டிக் வாளிதான். நார் மேட்டைக் கிழிச்சு அதுல ரெண்டு அடுக்கு போட்டேன். நாள் முழுக்க வெயில்ல வெச்சேன். மறுநாளும் வெச்சேன். தொட்டா விரல் ஒட்டுது. மேல ஒரு தோல் மாதிரி இருக்கு, கீழ பிசுபிசு. டிங்கர் வந்து மோந்து பாத்துட்டு "ஊறுகாய் போட்டிருக்கியா"ன்னு கேட்டுட்டுப் போறார்.

எங்க தப்பு பண்ணேன்? ஹார்டனர் ஊத்தின ஞாபகம் இருக்கு. ஒரு மக்குல ஊத்தினேன். ரெண்டாவது மக்கு கலக்கறப்ப அம்மா கூப்பிட்டா.

அது சரி, நீ எப்படி இருக்க? அந்தப் படகுப் பட்டறையில இப்ப நீ ஆறு பேருக்கு மேஸ்திரி போல. பாவம் அந்த ஆறு பேர்.

வாலு

---

பிப்ரவரி 26

வாலுக்கு,

உன் கேள்விக்கு நீயே பதில் எழுதிட்டு என்னைக் கேக்கற. ரெண்டாவது மக்குல ஹார்டனர் விழலை, அவ்வளவுதான். அம்மா கூப்பிட்ட நேரத்துல விட்டுப் போச்சு. இந்த வேலையில எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்பு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஹார்டனர் விழுந்த மக்கும் விழாத மக்கும். அதனாலதான் வெளிய தெரியாது.

ஹார்டனர் இல்லாத அடுக்கு வெயில்ல வெச்சாலும் காயாது, அடுப்புல வெச்சாலும் காயாது, வருஷக்கணக்கா வெச்சாலும் காயாது. அது மேல நல்ல அடுக்கு போட்டா மூடிக்கும். தட்டிப் பார்த்தா கெட்டியா இருக்கற மாதிரி சத்தம்கூட வரும். ஆனா அடியில வழுக்கும். வண்டி குலுங்கக் குலுங்க விட்டுக்கொடுத்துடும். அதனால அந்த வாளியைத் தூக்கிப் போடு. மேல பூசி ஒப்பேத்தலாம்னு நினைக்காதே.

அளவுக் கோப்பை ரெண்டு அனுப்பியிருக்கேன். மக்குல ஹார்டனர் ஊத்தினதும் மக்கு மேல ஒரு கோடு கிழி. கோடு இல்லாத மக்குல பிரஷ் வைக்காதே. அம்மா கூப்பிட்டா "வரேன்"னு சொல்லு, போகாதே. உலகம் ஒண்ணும் முழுகிடாது.

நான் நல்லாத்தான் இருக்கேன். பட்டறைக்கு மேலே ஒரு அறை. தூள் வரும்னு ஜன்னலைத் திறக்க முடியாது, அதனால என் தலையணைகூட ரெசின் வாசனை. இங்கே படகெல்லாம் கவுத்து வெச்சிருப்பாங்க, அடியில படுத்துக்கிட்டு வேலை. குண்டாயிட்டேன், உள்ள போறது சுலபம், வர்றதுதான் கஷ்டம். இதை அம்மாகிட்ட சொல்லாதே.

அக்கா

---

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நேத்து பழைய ஒட்டை எடுத்தேன்.

கிரைண்டர் வெச்சு ஓரத்தைத் தேய்க்க ஆரம்பிச்சேன். நாலு விரல் அகலம்கூடத் தேய்க்கலை, முழு ஒட்டும் பலகையாட்டம் கழண்டு என் மார் மேல விழுந்துச்சு. புரட்டிப் பாத்தேன். முதல் அடுக்கு வண்டியோடயே இருக்கு, நல்லா கெட்டியா. மேல் அடுக்கும் கெட்டி. நடுவுல இருந்தது என் கையுறையில ஒட்டிக்கிச்சு. அதே வாசனை, அதே பிசுபிசு.

வண்டிக்கு அடியில படுத்தபடியே சிரிச்சேன். அப்புறம் அழுதேன். மூக்கு மூடி போட்டுட்டு அழறது பெரிய அவஸ்தை.

நான் வியாக்கியானம் எதுவும் எழுதப் போறதில்லை. போன கடிதத்துல நீயே எல்லாம் எழுதிட்ட. உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, பிளாஸ்டிக் உறையில போட்டு இதோட அனுப்பியிருக்கேன். நீயே கையில எடுத்துப் பாரு.

உன் தம்பி

---

மார்ச் 14

அக்கா,

பத்து நாளாச்சு, பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிறார்.

உன் மனசைக் கஷ்டப்படுத்த அந்தத் துண்டை அனுப்பலைன்னு எழுதலாம்னு உக்காந்தேன். பொய் எதுக்கு? கொஞ்சம் கஷ்டப்படட்டும்னுதான் அனுப்பினேன். ரெண்டு வருஷம் நான் எங்க போனாலும் "இடிச்சிட்டு மறைச்சவன்"தான். அம்மாகூட ஒரு தடவை "இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிடேண்டா, மன்னிச்சிடுவா"ன்னு கேட்டா. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. ஆனா இப்ப நீ பதில் போடாம இருக்கறது அதைவிடக் கஷ்டமா இருக்கு. திட்டியாவது எழுது.

வேலை முடிச்சுட்டேன். அஞ்சு அடுக்கு. ஒவ்வொரு மக்குலயும் கோடு. மூணாவது மக்குல அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டா, போகலை. கீழ வந்து பாத்துட்டு, "நீ இப்படியே அவளாட்டம் ஆயிடுவ"ன்னு முணுமுணுத்துட்டுப் போனா. விரலை வெச்சு அழுத்திப் பாத்தேன், ஒட்டலை. உள்பக்கம் பெயின்ட் அடிக்கலாமா வேணாமான்னு தெரியலை. வரும் 20ஆம் தேதி சோதனை.

வாலு

---

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உறையைப் பிரிச்சதுமே வாசனையிலேயே தெரிஞ்சுடுச்சு. நம்ப மனசு வரலை. அதனால மறுநாள் என் ஆறு பேர்கிட்டயும் கொடுத்து, "இதுல என்ன தப்பு, சொல்லுங்க"ன்னேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சேர்ந்த ஒரு அம்மா, வீட்டுல மூணு பிள்ளைங்க, நகத்தால கீறிப் பார்த்துட்டு, "மேஸ்திரி, எவளோ ஹார்டனர் போடாம அடுக்கியிருக்கா, கவனமே இல்லாதவ" அப்படின்னா. ஆமான்னேன். அது நான்தான்னு சொல்ல எனக்கு மூணு நாள் ஆச்சு. சொல்லிட்டேன். யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம். ரெண்டு மக்கு. [அடித்த வரி: நீ வந்து திங்கட்கிழமை காலையில பிள்ளைங்களை ஏத்தணும், முடியுமா முடியாதான்னு நின்ன.] அடிச்சிருக்கற வரியை வெளிச்சத்துல பிடிச்சுப் படிக்காதே. உன்மேல பழி போடற வரி அது. மக்கு என் கையில இருந்தது.

ஆனா அந்த மறதிகூடப் பெரிசில்லைடா. யாருக்கும் வரும். வெளிய அடி பட்டா விரிசல் ஒரு புள்ளியிலேர்ந்து நாலா பக்கமும் ஓடும். உன் வண்டியில நேர்கோடா இருந்தது. விரிஞ்ச அன்னிக்கே பார்த்தேன். பார்த்துட்டும் குனிஞ்சு உள்ளே கை விடலை. ஏன்னா உள்ளே இருந்தது என் வேலை. என் வேலை விரியாது, அதனால நீ பொய் சொல்ற. அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் சொல்ற முதல் பாடத்தை என் தம்பி விஷயத்துல நான் செய்யலை. மன்னிச்சிடு.

இதோட இன்னொரு உறை வெச்சிருக்கேன், தலைமை ஆசிரியைக்கு. ஒட்டலை. நீயும் படிக்கணும்னு இங்கேயும் எழுதறேன்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் அறையில் நின்று, என் தம்பி வண்டியை எங்கோ இடித்துவிட்டு மறைக்கிறான் என்று சொன்னேன். அது தவறு. வண்டியின் இடது முன்மூலை விரிந்ததற்குக் காரணம் நான் செய்த வேலை. ஒரு அடுக்கில் ஹார்டனர் சேர்க்க மறந்தேன். அவன் எதையும் இடிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. அன்று வண்டியில் இருந்த பதினொரு பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கும் நானே பொறுப்பு. அந்த மூலையை இப்போது அவனே புதிதாகச் செய்திருக்கிறான். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் உறுதி என்று எழுதமாட்டேன்."

கடைசி வரி உனக்கு இடைஞ்சல்னு தெரியும். ஆனா பார்க்காம ஒரு தடவை சொல்லித்தான் இத்தனையும். கொடுக்கறதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

உள்பக்கம் பெயின்ட் அடிக்காதே.

அக்கா

---

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வெளிச்சத்துல பிடிச்சுத்தான் படிச்சேன். அந்த வரி உண்மை. அவசரப்படுத்தினது நான்தான். அதை அடிக்க வேண்டியதில்லை, ஆனா அடிச்சியே, அதுக்கே உனக்கு ஒரு கும்பிடு.

20ஆம் தேதி சோதனையில வண்டி தேறிடுச்சு. அந்த அதிகாரி குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "யாரு செஞ்சது"ன்னார். நான்னேன். "பெயின்ட் ஏன் அடிக்கலை"ன்னார். "எங்க மேஸ்திரி பாக்கணும் சார்"ன்னேன்.

தலைமை ஆசிரியை கடிதத்தைக் கொடுக்கறதா வேணாமான்னு மூணு நாள் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். கொடுக்காம கிழிச்சுப் போட்டேன்னு உனக்கு எழுதினா எவ்வளவு பெருந்தன்மையா இருக்கும்னு நினைச்சேன். முடியலைக்கா. ரெண்டு வருஷமா நான் கேட்டது அந்த ஒரு வரிதான், "அவன் சொன்னது உண்மை". கொடுத்துட்டேன்.

அவங்க ரெண்டு தடவை படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, "நானும் ஒரு வார்த்தை உங்களை உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும்"னாங்க. அப்புறம் சொன்னாங்க: "பார்க்காம எழுதமாட்டேன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அவங்களே வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் இந்த வேலையை வேற யாருக்கும் தரமாட்டேன்."

வெளிய வர்றப்ப வாசல்ல ஒரு பொண்ணு, முன்னாடி என் வண்டியில ஜன்னலோரம் உக்காருவா, இப்ப ரெண்டு பல் முளைச்சிருக்கு, "அண்ணே, எங்க போயிட்டீங்க"ன்னு கேட்டா. துணி மூட்டை தூக்கப் போயிட்டேம்மான்னேன்.

அம்மாகிட்ட உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். முழங்காலைத் தடவிக்கிட்டா. "யானைக்கும் அடி சறுக்கும்"னா. நீ குண்டானதை நான் சொல்லவே இல்லை, அவளா சொன்னது.

எனக்கு உன் மேல கோபம் இருக்கு, இல்லாம இல்லை. நீ வந்தா நேர்ல கொஞ்சம் சண்டை போடுவேன், இப்பவே சொல்லிட்டேன். வா.

வாலு

---

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

சண்டைக்கு ஒத்துக்கறேன். மூணு நாள் லீவு போட்டிருக்கேன், அதுக்குள்ள முடிச்சுக்க.

சனிக்கிழமை மத்தியானம் ரயில், ராத்திரிதான் அங்க வந்து சேரும். பம்பரையும் விளக்கையும் கழட்டி வை. ஒரு பழைய போர்வையைத் தரையில விரி, என்னை அடியிலேர்ந்து வெளிய இழுக்கற வேலையும் உன்னோடது. ஒவ்வொரு அங்குலமும் தடவிப் பார்ப்பேன். ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் எழுத மாட்டேன், மறுபடி தேய்க்கச் சொல்லுவேன். தலைமை ஆசிரியைக்குக் கொடுக்கற வார்த்தை அது, அதுல தம்பி அக்கா கிடையாது.

ஆனா உனக்கு ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். அஞ்சு அடுக்கு, அஞ்சு மக்கு, அஞ்சு கோடுன்னு எழுதியிருக்க. நம்பறேன். பார்க்கறதுக்கு முன்னாடியே நம்பறேன்.

ரயிலை விட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். அம்மாவை எழுப்பாதே. நீயே எடு.

அக்கா